மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் உத்தியோகமா?

எனக்குப் பெண் பார்க்கப் போன முதல் வீட்டில், பஜ்ஜி வருவதற்கு முன்பே கேள்வி வந்துவிட்டது.

"மாப்பிள்ளைக்குப் பொழுதுபோக்கு ஏதாவது உண்டோ?"

"போட்டோ எடுப்பான்" என்றாள் அம்மா, பெருமையாக.

"அடடே! என்ன மாதிரி போட்டோ? கல்யாணமா, இயற்கைக் காட்சியா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய பாங்க் காலண்டரைப் பார்த்தபடி, "ரயில்" என்றேன்.

"ஓ... மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் உத்தியோகமா?"

"இல்லை ஸார். ஆடிட்டர் ஆபீஸ். ரயில் சும்மா... ஆசைக்கு."

பெரியவர் மௌனமானார். நிலைமையைத் தூக்கி நிறுத்தலாமென்று, "லீவு நாளில் ஏரோப்ளேனும் எடுப்பேன்" என்றேன். பஜ்ஜி பிரமாதம். சம்பந்தம் அமையவில்லை.

பெரியவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஊரே அப்படித்தான். நாள் முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறவனை யாரும் 'ஏன்?' என்று கேட்பதில்லை. ஸ்டாம்பு சேர்க்கிறவர் கௌரவமானவர். பறவை பார்க்கிறவர் அறிவாளி. ரயிலுக்குக் காத்திருந்து, அதில் ஏறாமல், படம் மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறவனுக்கு மட்டும் 'ஏதோ கோளாறு' என்று முத்திரை.

பட்டனை அமுக்குவது ஒரு நொடி வேலை. மற்றதெல்லாம் அதற்கு முந்தைய பாடு. முதலில் சூரியன். வடக்கு தெற்காக ஓடும் பாதையில் காலை என்றால் நீங்கள் கிழக்குப் பக்கம் நிற்க வேண்டும், மாலை என்றால் மேற்கு. ரயில் ஒன்றரை மணி லேட் என்றால் சூரியன் உச்சிக்கு ஏறி, எஞ்சின் முகத்தில் நிழல் விழுந்து, திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரி ஆகிவிடும். ரயில் லேட்டானால் நீங்கள் மானேஜரை நினைத்துப் பயப்படுவீர்கள். நான் நிழலை நினைத்துப் பயப்படுவேன்.

அடுத்தது வளைவு. ஒரு பெட்டி ஏறத்தாழ 24 மீட்டர் நீளம். 22 பெட்டி என்றால் அரை கிலோமீட்டருக்கு மேல். நேர்ப்பாதையில் எஞ்சின் முகம்தான் தெரியும், வால் தெரியாது. முழு வண்டியும் ஒரே படத்துக்குள் அடங்க ஒரு நல்ல வளைவு வேண்டும். அந்த வளைவுக்குப் பக்கத்தில் ரோடு வேண்டும், ரோட்டோரத்தில் முள் இல்லாமல் நிற்க இடம் வேண்டும், டீக்கடை இருந்தால் புண்ணியம். இத்தனையும் அமைந்த இடத்தில் மின்கம்பி தாங்கும் தூண் ஒன்று எஞ்சினின் மூக்குக்கு நேராக நிற்கும். தூணுக்கும் தூணுக்கும் நடுவில் எஞ்சின் வரும் அந்தக் கண் இமைக்கும் நேரம்தான் உங்களுக்கு. எதிர்ப்பாதையில் ஒரு கூட்ஸ் வந்து மறைக்காமல் இருந்தால்.

எஞ்சின்களுக்கு ஒரு பாஷை உண்டு. டபிள்யூஏபி-7 என்று எழுதியிருந்தால், டபிள்யூ என்பது அகலப்பாதை, ஏ என்பது ஏசி மின்சாரம், பி என்பது பாசஞ்சர். பி-க்குப் பதில் ஜி என்றால் கூட்ஸ், எம் என்றால் இரண்டு வேலையும் பார்க்கும். ஏ-க்குப் பதில் டி என்றால் டீசல். பக்கவாட்டில் எந்த ஷெட்டின் பிள்ளை என்றும் எழுதியிருக்கும்: ஈரோடு, அரக்கோணம், ராயபுரம், பொன்மலை. இதைத் தெரிந்துகொண்டு என்ன லாபம் என்று கேட்டால், எதிர் வீட்டுக்காரர் கோத்திரம் தெரிந்து என்ன லாபமோ அதேதான்.

என் மனைவியிடம் (இரண்டாவது பெண் பார்க்கும் படலத்தில் பஜ்ஜிக்கு முன்பே நானே சொல்லிவிட்டேன்) தேனிலவுக்கு ஊட்டி என்றதும் முகம் மலர்ந்தது. மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் இறங்கியதும்தான் விஷயம் புரிந்தது. 1899-ல் குன்னூர் வரை திறந்த பாதை. நடுவில் பல்சக்கரத் தண்டவாளம், ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னாலிருந்து முட்டித் தள்ளும். பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி உயரம். நான் இதையெல்லாம் ஆசையாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் பிற்பாடு எண்ணிப் பார்த்திருக்கிறாள்: எஞ்சினுக்கு 112 படம், அவளுக்கு 4. அந்த நாலில் இரண்டில் அவளுக்குப் பின்னால் எஞ்சின். இன்றுவரை பாலன்ஸ் ஷீட்டில் இது ஒரு நிலுவை.

விமானம் வேறு ஜாதி. ரயிலுக்குப் பாதை நிச்சயம், நேரம் நிச்சயமில்லை. விமானத்துக்கு இரண்டையும் காற்று முடிவு செய்யும். சென்னையில் பரங்கிமலை உச்சிக்கு ஏறினால் மீனம்பாக்கத்து ஓடுபாதை கீழே விரித்துப் போட்ட பாய் மாதிரி தெரியும். அதன் ஒரு முனைக்கு 07 என்று பெயர், மறுமுனைக்கு 25. ஏதோ லாட்டரி நம்பர் என்று நினைத்திருந்தேன். திசைகாட்டியில் 70 டிகிரி, 250 டிகிரி. கடைசிப் பூஜ்யத்தை வெட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். விமானம் காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும், ஏறும். அதனால் மேல்காற்று அடிக்கும்போது பரங்கிமலைப் பக்கமாக வந்து இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பியதும் அதே விமானங்கள் பம்மல் பக்கமாகச் சுற்றி வந்து இறங்கும். காற்று திரும்பியது தெரியாமல் மலை ஏறியவனுக்கு, கிளம்பிப் போகிற விமானங்களின் வயிறுதான் கிடைக்கும்.

இதில் ஒரு விசித்திரம். ஜெட் விமானத்தை எவ்வளவு வேகமான ஷட்டரில் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஏ.டி.ஆர். மாதிரி விசிறி வைத்த விமானத்தை அப்படி எடுத்தால் விசிறி அசையாமல் நின்றுபோன மாதிரி விழும். பார்க்கிறவர்கள் 'ஐயோ, எஞ்சின் ஆஃப் ஆயிடுத்தா?' என்பார்கள். அதனால் ஷட்டரை மெதுவாக்கி, விமானத்தோடு சேர்ந்து காமிராவையும் நகர்த்தி, மூச்சைப் பிடித்து எடுக்க வேண்டும். விமானம் கூர்மையாகவும் விசிறி வட்டமாகவும் விழுந்தால் அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இரண்டு கவளம் கூட இறங்கும். காலை பத்து மணிக்கு மேல் போகாதீர்கள். ஓடுபாதைமேல் கானல் எழுந்து, டயரெல்லாம் ஜவ்வு மிட்டாய் மாதிரி நெளியும்.

ரயில், விமானம் இரண்டையும் ஒரே படத்தில் எடுத்த ஒரு மகானுபாவர் உண்டு. ஓ. வின்ஸ்டன் லிங்க், அமெரிக்கர், நியூயார்க்கில் விளம்பரப் படம் எடுத்துப் பிழைத்தவர். 1955-ல் ஆரம்பித்து ஐந்து வருஷம், நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் என்ற ரயில் கம்பெனியின் கடைசி நீராவி எஞ்சின்களைத் தன் சொந்தச் செலவில் படமெடுத்தார். அதுவும் ராத்திரியில். சூரியனோடு மல்லுக்கட்ட முடியாது, இருட்டில் விளக்கு நம் கையில் என்பது அவர் கணக்கு. 1956-ல் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு திறந்தவெளி சினிமாக் கொட்டகை. காரில் ஜோடியாக உட்கார்ந்து ஜனங்கள் படம் பார்க்கிறார்கள். திரையில் ஒரு ஜெட் விமானம். பின்னால் புகை கக்கியபடி ரயில் ஓடுகிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஃப்ளாஷ் பல்புகள் ஒரே சமயத்தில் வெடித்து அந்தக் காட்சியைப் பிடித்தன. அத்தனை வெளிச்சத்தில் திரை வெளுத்துப்போனதால், விமானத்தைத் தனி நெகட்டிவிலிருந்து எடுத்துச் சேர்த்தார். 'அப்ப அது டூப்' என்று என் நண்பன் ஒருத்தன் வாதாடுவான். அந்தக் கொட்டகை நிஜம், ரயில் நிஜம், விமானப் படமும் அங்கே ஓடியதுதான். இதற்கு மேல் என்ன வேண்டும் அவனுக்கு? 1960-ல் அந்தக் கம்பெனி நீராவிக்கு விடை கொடுத்துவிட்டது. எஞ்சின்களில் பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போயின.

லிங்க்குக்கு ரயில் கம்பெனியே கதவைத் திறந்துவிட்டது. நமக்கு அப்படியில்லை. ஒரு ஜங்ஷனில் பிளாட்பாரக் கோடியில் நின்றுகொண்டிருந்தேன். லத்தி வந்தது.

"என்ன பண்றே?"

"ரயிலை எடுக்கறேன் ஸார்."

"எதுக்கு?"

"பிடிக்கும் ஸார்."

"எங்களுக்கும் பிடிக்கத் தெரியும். வா உள்ளே."

உள்ளே உட்காரவைத்துக் காமிராவில் இருந்த இருநூற்றுச் சொச்சம் படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எல்லாம் எஞ்சின். பெண்கள் இல்லை, பாலம் இல்லை, சிக்னல் ரூம் இல்லை. சந்தேகம் குறைவதற்குப் பதில் கூடியது. ஐம்பதாவது படத்தில் ஒருத்தர், "ஏய், இது எங்க ஊர் வழியாப் போற வண்டிடா" என்றார். அதற்கப்புறம் டீ வந்தது. "அடுத்த தடவை பெர்மிஷன் வாங்கிட்டு வா" என்று விட்டுவிட்டார்கள். வாசல் வரை வந்தவர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "எஞ்சின் பக்கத்துல என்னை ஒண்ணு எடு" என்றார்.

எனக்கு டீயோடு போயிற்று. எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை. 2001 நவம்பரில் கிரீஸ் நாட்டுக் கலமாட்டா விமானப்படைத் தளத்தில் விமான எண்களைக் குறித்துக்கொண்டிருந்த 12 பிரிட்டிஷ்காரர்களையும் 2 டச்சுக்காரர்களையும் உளவாளிகள் என்று பிடித்துப் போட்டார்கள். சில வாரம் சிறை. 2002 ஏப்ரலில் குற்றவாளிகள் என்று தீர்ப்பு, எட்டு பேருக்கு மூன்று வருஷம். நவம்பரில் அப்பீலில் எல்லாரும் விடுதலை. கோர்ட்டில் பெரிய சிக்கல் என்ன தெரியுமா? இப்படி ஒரு பொழுதுபோக்கு உலகத்தில் இருக்கிறது என்பதையே நம்பவைக்க முடியவில்லை. நான் முதலில் சொன்ன பெரியவர் மாதிரிதான் அங்கேயும். 2010-ல் டெல்லி விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் தங்கி விமானம் பார்த்த இரண்டு பிரிட்டிஷ்காரர்கள், அபராதம் கட்டி ஊர் திரும்ப இரண்டு மாதம் ஆயிற்று.

எரிச்சலாக இருந்தாலும், காக்கிச்சட்டைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1937-ல் போட்ட விமான விதிகளிலேயே, அரசு விமான தளத்தில் அனுமதியில்லாமல் படமெடுக்கக்கூடாது என்று இருந்தது. பயணிகள் விமானத்துக்குள்ளிருந்து ஜன்னல் வழியே எடுக்க 2004-ல்தான் சலுகை கொடுத்தார்கள். தாம்பரம், சூலூர், அரக்கோணம் மாதிரி ராணுவ தளம் உள்ள ஊர்களில் காமிராவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்கள். அங்கே டீ கிடைக்காது.

போலீஸைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. தண்டவாளத்தில் நின்று செல்போனில் செல்ஃபி எடுக்கிற பையன்கள். இவர்களால்தான் தள்ளி நின்று எடுக்கிற எங்களுக்கும் கெட்ட பேர் என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்குக் கடக்க முடியவில்லை. அவர்கள் தைரியசாலிகளும் இல்லை, முட்டாள்களும் இல்லை. கண் ஏமாற்றுகிறது. போனில் இருக்கும் அகன்ற லென்ஸ், தூரத்தில் உள்ளதை இன்னும் தூரத்தில் காட்டும். திரையில் ரயில் தீப்பெட்டி அளவு தெரிகிறது. 'இன்னும் டைம் இருக்கு' என்று தோன்றுகிறது. மணிக்கு 130 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 36 மீட்டர். இந்த வாக்கியத்தை நீங்கள் படித்து முடிப்பதற்குள் நூறு மீட்டர் வந்தாயிற்று. பழைய டீசல் எஞ்சின் என்றால் ஊரைக் கூட்டிக்கொண்டு வரும். இன்றைய மின்சார எஞ்சினுக்கு அந்தச் சத்தமும் இல்லை. எதிர்ப்பாதையில் ஒரு வண்டி கடந்துகொண்டிருந்தால் அதுவும் காதில் விழாது. நின்றுகொண்டிருக்கும் கூட்ஸ் வண்டியின் தலையில் ஏறுகிறவனுக்கு மேலே 25,000 வோல்ட். அதைத் தொடக்கூட வேண்டாம், கிட்டே போனாலே தாவிப் பிடிக்கும்.

1989-ம் வருஷத்து ரயில்வே சட்டம் 147-வது பிரிவில், பாதைக்குள் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்க்கு யார் பயப்படுகிறார்கள்? நான் பார்க்கிற இடத்தில் எல்லாம் கத்திவிடுவேன். "அங்கிள், உங்க வேலையைப் பாருங்க" என்பார்கள். அங்கிள் என்பதைத்தான் தாங்கமுடியாது. இருந்தாலும் கத்துவேன். ரோட்டு மேம்பாலம், பிளாட்பாரத்தின் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம், லெவல் கிராஸிங் கேட்டுக்கு வெளியே. இதற்குள் கிடைக்காத படம் எனக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, எதை எடுப்பது? இதில்தான் எனக்கும் என் நண்பர்களுக்கும் தகராறு. அவர்கள் விசேஷங்களைத் துரத்துகிறவர்கள். முதல் ஓட்டம், கடைசி ஓட்டம், மாலை போட்ட எஞ்சின். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிற்கும்வரை, பக்கத்து ரோட்டுப் பாலத்தில் காரை நிறுத்திப் படமெடுக்காதவர்கள் குறைவு. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தபோதும் அதே கூட்டம். ஏர் இந்தியாவின் 747 விமானம் 1971-ல் வந்தது. 2024 ஏப்ரலில் கடைசியாக ஒன்று மும்பையிலிருந்து கிளம்பி, இறக்கையை ஆட்டி 'போயிட்டு வரேன்' சொல்லிவிட்டுப் போனது. அதைப் பிடிக்கவும் ஆள் இருந்தது. எல்லாம் நல்ல படங்கள்தான். ஆனால் தினமும் காலை எட்டு பன்னிரண்டுக்கு நீங்கள் தொற்றிக்கொண்டு போகிற லோக்கலை யார் எடுத்தார்கள்?

சென்னை பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லிருந்து மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடியது. 2004 ஜூலையோடு நின்றது. அப்போது எனக்குப் பதினாறு வயது. சித்தப்பாவின் யாஷிகா காமிராவைக் கெஞ்சி வாங்கி, ஒரு ஃபிலிம் ரோல் போட்டுக்கொண்டு, கடைசி சில வாரங்கள் குரோம்பேட்டை ஸ்டேஷனில் நின்றேன். மொத்தம் 36 படம். இன்றைக்கு ஒரே ரயிலுக்கு அதைவிட அதிகம் அமுக்குகிறேன். அன்றைக்கு ஒவ்வொரு கிளிக்குக்கும் மனசுக்குள் வவுச்சர் போட்டேன். பிரிண்ட் வந்ததும் அப்பா புரட்டிப் பார்த்துவிட்டு, "நான் தினம் போற வண்டிதானே, இதுக்கு ஒரு ரோலா? உருப்படற வழியைப் பாரு" என்றார். நெகட்டிவ் பீரோவுக்குள் போயிற்று.

பதினாறு வருஷம் கழித்து, 2020-ல் ஊரடங்கில் வீட்டோடு கிடந்தபோது அந்த நெகட்டிவ்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அப்பா ரிடையராகி எத்தனையோ வருஷம். பின்னால் வந்து நின்றார். ஒரு படத்தில் வண்டி கிளம்பிவிட்டது, எஞ்சின் முகமே இல்லை. என் நண்பர்களின் கணக்கில் அது படமே அல்ல. ஜன்னலுக்குள் நாலைந்து பேர் முழங்காலில் பேப்பரை விரித்துச் சீட்டாடுகிறார்கள். வாசலில் இரண்டு முதுகு, ஒரு மஞ்சப்பை.

"பெரிசு பண்ணு" என்றார் அப்பா.

பெரிசு பண்ணினேன்.

"இன்னும்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஸ்கிரீனில் விரலை வைத்தார். "இது பாங்க். இது ஏ.ஜி. ஆபீஸ். முதுகு காட்டறானே, இது துறைமுகம். மஞ்சப்பை நான்."

அந்தக் கோஷ்டியில் யாருக்கும் பெயர் கிடையாது. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே பெட்டியில், ஒரே ஜன்னலோரம் போனவர்கள்; ஆபீஸ்தான் பெயர். ஏ.ஜி. ஆபீஸுக்குப் பெண் கல்யாணம் என்றால் பெட்டியோடு போய்ப் பந்தியில் உட்காருவார்கள். ரயில் மாறியது, நேரம் மாறியது, ஒவ்வொருத்தராக ரிடையர் ஆனார்கள். போன் நம்பர் எழுதி வைத்த டைரி எங்கேயோ போயிற்று. அப்பாவுக்கு அவர்கள் எல்லாரும் எந்த ஊர் என்றுகூடத் தெரியாது, எந்த ஸ்டேஷனில் ஏறுவார்கள் என்றுதான் தெரியும்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து அப்பா தேட ஆரம்பித்தார். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றில் துறைமுகத்தின் விலாசம் கிடைத்தது. துறைமுகம் மூலம் பாங்க்கின் வீடு. பாங்க் காலமாகி ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டதாம். மகன் பேசினார். அந்தப் படத்தை அனுப்பினோம். அரைமணி நேரம் பதில் இல்லை. அப்புறம் கூப்பிட்டார்.

"எங்ககிட்ட அப்பா போட்டோ நிறைய இருக்கு ஸார். எல்லாத்துலயும் விறைப்பா நிப்பார். அவர் வீட்டுல சிரிச்சு நான் பார்த்ததில்லை. இதுல சிரிக்கிறார்."

பெரிய சைஸில் ஆறு பிரிண்ட் போட்டோம். காசு வாங்கிக்கொள்ளச் சொல்லி எல்லாரும் வற்புறுத்தினார்கள். அப்பா, "பையனுக்கு இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கு" என்று மறுத்துவிட்டார். பதினாறு வருஷத்தில் அவர் அந்த வார்த்தையைத் திட்டாமல் சொன்னது அதுதான் முதல் தடவை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறேன். நீல நிறப் பெட்டி வண்டிகளைத்தான் அதிகம் எடுக்கிறேன். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் அந்தப் பழைய வகைப் பெட்டி செய்வதை 2018 ஜனவரியோடு நிறுத்தியாயிற்று. ஓடுகிறவை ஒவ்வொன்றாகக் குறைந்துவருகின்றன. எஞ்சின் போனதும் காமிராவைக் கீழே இறக்குவதில்லை. ஜன்னல்களையும் எடுக்கிறேன்.

அப்பாவுக்கு ஒரு வேலை பாக்கி. அந்தப் படத்தில் ஓரத்து ஜன்னலில் ஒரு முழங்கை மட்டும் தெரிகிறது. முழுக்கைச் சட்டையை மடித்துவிட்ட கை. யாருடையது என்று பிடிபடவில்லை. துறைமுகமாக இருக்குமோ, முதுகு காட்டுகிறவர் வேறு யாரோ என்று சந்தேகம் வந்து, படத்தை மறுபடி அனுப்பிவைத்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கே போன்.

"அது என் கை இல்லை ஓய். நான் என்னிக்கு ஜன்னல்ல கை வெச்சேன்? எனக்கு எங்கே உட்கார எடம் குடுத்தீங்க நீங்க?"